முதல் சவரக்கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வாழ்க்கை வரலாற்றில் தெருவைப் பெருக்குவது, விளக்கேற்றுவது என்று நகராட்சிக் காரியங்களைப் பேசிக்கொண்டே வந்து, சட்டென்று சவரத்துக்குத் தாவுகிறார். ஓர் ஏழை இளைஞனுக்குத் தானே சவரம் செய்துகொள்ளவும் தன் கத்தியைச் சீராக வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தால், ஆயிரம் கினி பணத்தைத் தூக்கிக் கொடுப்பதைவிட அவன் கூடுதலாக மகிழ்வான் என்பது அவர் கணக்கு. பணம் கரைந்துவிடும். நாவிதருக்காகக் காத்துக் கிடப்பது, அழுக்கு விரல், வாய் நாற்றம், மழுங்கிய கத்தி இவற்றிலிருந்தெல்லாம் கிடைத்த விடுதலை தினமும் காலையில் கூடவே இருக்கும்.

சவரம் செய்யத் தெரிந்தால் மட்டும் போதும் என்று ஃபிராங்க்ளின் சொல்லவில்லை. கத்தியைச் சீராக வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறார். முதல் சவரக்கத்தி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் கம்பெனிப் பெயரையும் பிடியின் அழகையும் பார்த்துத்தான் தொடங்குகிறார். அவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கத்தியை யார் தீட்டப் போகிறார்?

இந்தக் கேள்வியிலிருந்து ஆண்களை விடுவித்துத்தான் கிங் கேம்ப் ஜில்லெட் கோடீஸ்வரரானார். அவருடைய நிறுவனம் விற்பனையைத் தொடங்கிய 1903-இல் போனவை 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த ஆண்டு விற்ற ரேஸர்கள் மட்டும் சுமார் 90,000. மழுங்கினால் தூக்கிப் போடு, கல்லும் வேண்டாம், தோலும் வேண்டாம் என்ற வசதிக்கு அத்தனை பசி இருந்தது. இன்று வீட்டில் மடக்குக் கத்தியால் சவரம் செய்ய விரும்புகிறவர், அன்று ஜில்லெட் வாங்கிக்கொண்ட வேலையைத் தானே திரும்ப ஏற்கிறார். தெரிந்தே ஏற்றால் சுகமான வேலை. தெரியாமல் ஏற்றால், மூன்றாம் வாரம் கத்தி அலமாரிக்குள் போய்விடும்.

பிளேடு மாற்றும் கத்தியா, தீட்டும் கத்தியா?

தமிழ்நாட்டுச் சலூன்களில் இப்போது கையிலெடுப்பது பெரும்பாலும் பிளேடு செருகும் கத்திதான். இருபக்கக் கூருள்ள பிளேடை நடுவில் ஒடித்து, ஒரு பாதியைச் செருகி, ஒரு வாடிக்கையாளர் முடிந்ததும் எறிந்துவிடுவார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி போன்றவை ரத்தம் வழியே பரவும் என்ற விழிப்பு வந்தபிறகு, ஒரே கத்தியை ஊருக்கே பயன்படுத்துவதை யாரும் ஒப்புவதில்லை. அப்பா காலத்து நாவிதரின் அடைப்பத்தில் இருந்த முழு இரும்புக் கத்தி அப்படித்தான் கடையை விட்டுப் போனது. வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கத்திக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அதை அண்ணன் தம்பிக்குள்கூடப் பங்குபோடக் கூடாது.

பிளேடு செருகும் கத்தி சில நூறு ரூபாய்க்குள் சலூன் சாமான் கடைகளில் கிடைக்கும். கல் வேண்டாம், தோல்வார் வேண்டாம். மடக்குக் கத்தியைப் பிடிப்பதும், இடக்கை வலக்கை மாற்றுவதும், கண்ணாடியில் கோணம் பார்ப்பதும் தனக்குச் சரிப்படுமா என்று சோதிக்க அது போதும். அதை வைத்து உண்மையான கத்தியையும் எடைபோட்டுவிடலாம் என்று நினைப்பதுதான் தவறு. ஒடித்த பிளேடு மிக மெல்லியது. கூர் அதிகம், கத்திக்கு எடை குறைவு, இரு மூலைகளும் தோலில் குத்தும். தீட்டிய கத்தியில் கனம் தானே வேலை செய்யும். இதில் கை கொஞ்சம் அழுத்தினாலும் ரத்தம் வந்துவிடும். ஆகவே இந்த மலிவுக் கத்தியில் இரண்டு முறை வெட்டுப்பட்டு, 'நமக்கு இது ஆகாது' என்று ஒதுங்கியவர் தீட்டும் கத்தியை இன்னும் தொட்டே பார்க்கவில்லை.

நடுவழி ஒன்றும் உண்டு. ஜப்பானின் செகி நகரத்து ஃபெதர் நிறுவனம் 'ஆர்ட்டிஸ்ட் கிளப்' என்ற வரிசையில் ஒருபக்கக் கூருள்ள தடித்த பிளேடுக்கான கத்திகளைச் செய்கிறது. பிடிப்பில் உண்மையான கத்திக்கு அருகில் வரும். கத்தியின் விலையும் அந்தப் பிளேடைத் தேடி வாங்குவதும்தான் இடைஞ்சல். காலையில் வேலைக்கு ஓட வேண்டும், பராமரிப்பில் மனம் இல்லை என்பவர் இதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மீதி அத்தியாயம் தீட்டும் கத்தி வாங்கத் துணிந்தவருக்கு.

அகலம், நுனி, வயிறு

சவரக்கத்தியின் அகலத்தை உலகம் முழுவதும் அங்குலத்தின் எட்டுப் பங்குகளில் சொல்கிறார்கள்: 4/8, 5/8, 6/8, 7/8. முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 போதும். முன்னது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர், பின்னது 19. அதற்குக் குறைந்தால் நுரை சீக்கிரம் நிரம்பி அடிக்கடி துடைக்க வேண்டிவரும். அதற்கு மேல் போனால் மூக்குக்குக் கீழே திருப்ப இடம் போதாது. 8/8 கத்தி படத்தில் கம்பீரமாகத்தான் இருக்கும். மீசைக்குமேல் உள்ள சிறு பள்ளத்தில் வைத்துப் பார்க்கும்போது கம்பீரம் போய்விடும்.

நுனி வட்டமாக இருக்கட்டும். சதுர நுனி மீசை ஓரத்தைக் கோடு போட்டதுபோல் வெட்ட உதவும் என்பது உண்மை. காது மடலையும் அதே துல்லியத்தோடு வெட்டும். பழகியவர்கள் சதுர நுனியைக் கல்லில் லேசாகத் தொட்டு மூலையை மட்டும் மழுக்கிக்கொள்வார்கள். புதியவருக்கு அந்த வேலை எதற்கு?

அடுத்தது வயிறு, அதாவது முதுகுக்கும் கூர்விளிம்புக்கும் இடையிலுள்ள பகுதியை எவ்வளவு குழித்து அரைத்திருக்கிறார்கள் என்பது. பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவும் ஆப்பு வடிவில் கனமாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாணைச் சக்கரங்களின் நுட்பம் கூடக்கூட, வயிற்றை இரு பக்கமும் குழித்துக் காகிதக் கனத்துக்குக் கொண்டுவந்தார்கள். முழுக்கக் குழித்த கத்தி முடியை அறுக்கும்போது மெல்லிய ஓசை எழுப்பும். கோணம் சரியா தவறா என்பதை அந்த ஓசையிலிருந்தே பழகியவர்கள் கண்டுகொள்வார்கள். ஆப்புக் கத்தி ஓசையில்லாமல் அடர்ந்த தாடியையும் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் கல்லில் தீட்டும்போது நிறைய இரும்பு தேய வேண்டும். முதல் கத்திக்கு முழுக்கக் குழித்ததோ பாதி குழித்ததோ, இரண்டில் ஒன்று வாங்கலாம். ஆப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சவரக்கத்தியின் வடிவமைப்பில் உள்ள பெரிய புத்திசாலித்தனம் அதன் முதுகு. அடுக்களைக் கத்தியைத் தீட்டுகிறவர் கோணத்தைக் கைப்பழக்கத்தால் காப்பாற்ற வேண்டும். சவரக்கத்தியில் அந்தக் கவலை இல்லை. முதுகும் விளிம்பும் ஒரே சமயத்தில் கல்லில் படும்படி கிடத்தித் தேய்த்தால் போதும். கோணத்தை முதுகின் கனமே தீர்மானித்துவிடும். 6/8 கத்தியின் முதுகு 5.4 மில்லிமீட்டர் என்றால் விளிம்புக் கோணம் ஏறக்குறைய 16 பாகை வரும். அகலம் குறையும்போது முதுகின் கனமும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். நல்ல பட்டறைகள் இந்த விகிதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கின்றன. அலங்காரப் பிடியும் பளபளக்கும் அலை வரிகளும் போட்டு விற்கும் பல மலிவுக் கத்திகள் தோற்பது இங்கேதான். முதுகு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்திருக்கும். அதைக் கல்லில் கிடத்தினால் பாதி விளிம்பு கல்லைத் தொடவே தொடாது. எவ்வளவு தீட்டினாலும் அது சவரக்கத்தி உருவத்தில் ஒரு பொம்மைதான்.

சீனத் தயாரிப்பான 'கோல்டு டாலர் 66' இதில் தனி ரகம். விலை மிகக் குறைவு, இரும்பு மோசமில்லை, அரைப்பு மட்டும் ஒன்றுபோல் இருக்காது. பிடிக்கு அருகிலுள்ள தடித்த பகுதி கல்லில் இடிக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர் கையில் அது நல்ல கத்தியாகிவிடும். தீட்டக் கற்றுக்கொள்ள இரண்டாவது கத்தியாக வாங்கலாம். நேரே கன்னத்தில் வைக்க வாங்கக் கூடாது.

ஊர் முத்திரைகள்

1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், நல்ல ஸ்பிரிங் இரும்பு கிடைக்கவில்லை என்று ஷெஃபீல்டு அருகே மண் மூசையில் எஃகை முழுக்க உருக்கிப் பார்த்தார். சீரான, கடினமான எஃகு வந்தது. உள்ளூர்க் கத்திக்காரர்கள் 'இது ரொம்பக் கடினம்' என்று முதலில் தொடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிச் சென்று, அதில் செய்த கத்தியை இங்கிலாந்திலேயே விற்கத் தொடங்கியபிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது. ஜோசப் ராஜர்ஸ், வேட் அண்ட் புட்சர், ஐஎக்ஸ்எல் முத்திரை போட்ட ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் ஆகிய பெயர்கள் உலகமெங்கும் போனது அந்த எஃகின் தொடர்ச்சியாகத்தான்.

இன்று புதுக் கத்தி வாங்குகிறவர் கேட்கும் பெயர்கள் பெரும்பாலும் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தும் பிரான்சின் தியேரிலிருந்தும் வருபவை. 1906-இல் தொடங்கிய டோவோ, ரால்ஃப் ஔஸ்ட், போக்கர் ஆகியவை சோலிங்கன் பெயர்கள். 1884-இல் தொடங்கிய தியேர்-இஸ்ஸார் தியேர் நகரத்தது. 'சோலிங்கன்' என்ற சொல்லுக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு; முக்கியமான தயாரிப்பு வேலைகள் அந்த வட்டாரத்தில் நடந்த பொருளில்தான் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பதுபோன்ற ஊர்க்காப்பு இது. கள்ளப் பொறிப்பு இல்லாமலில்லை. ஆனாலும் நம்பகமான விற்பனையாளரிடம் இந்த முத்திரை ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம். சோலிங்கன் கத்தி என்றால் விலை நூறு யூரோவைத் தாண்டும் என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அலகில் பொறித்த மற்ற வாசகங்களை விளம்பரமாக எடுத்துக்கொண்டால் போதும். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று இருக்கும். அதன் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. மின்காந்த ஆய்வுகளால் பெயர் பெறுவதற்கு முன் மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழில் வல்லுநரோடு சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃகுக் கலவைகளைச் சோதித்தார். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த எஃகு நல்ல பலன் தந்ததாக அவர்கள் எழுதினார்கள். ஃபாரடே அந்தக் கலவைகளில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு. அதற்குப் பிறகு 'சில்வர் ஸ்டீல்' என்பது ஊரெல்லாம் பொறிக்கும் வாசகமாகிவிட்டது. உள்ளே வெள்ளி இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கார்பனா, துருப்பிடிக்காததா?

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர் இந்தக் கேள்வியைச் சாதாரணமாக விட முடியாது. பெரும்பாலான சவரக்கத்திகள் கார்பன் எஃகில் செய்தவை. எளிதில் தீட்டலாம், நுண்மையான கூர் வரும். ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் நிற்கும். விளிம்பில் விழுந்த துரு என்றால் தீட்டித் தீட்டி இரும்பைத் தேய்த்துத்தான் அகற்ற வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகிலும் நல்ல கத்திகள் உண்டு. சோலிங்கனின் ஸ்விலிங் நிறுவனம் 1939-இல் கொண்டுவந்த 'ஃபிரியோடூர்' என்ற குளிர்ப் பதனிட்ட எஃகில் செய்த சவரக்கத்திகளைப் பழைய கத்திச் சந்தையில் இன்றும் தேடி வாங்குகிறார்கள். புதியவற்றில் 'இனாக்ஸ்' என்று பொறித்திருக்கும். கல்லில் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் தனக்கு வராது என்று தன்னையே அறிந்தவர் இதை வாங்கலாம்.

கார்பன் கத்தி வாங்கியவருக்கு விதிகள் கொஞ்சம்தான். சவரம் முடிந்ததும் அலகை நீரில் அலசி மெல்லிய துணியால் முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது. ஆணி இருக்கும் இடத்துக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே புகுந்த ஈரம் வெளியே தெரியாமல் அரிக்கும். சிறிது நேரம் திறந்தே வைத்து உலர்ந்தபின், ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவி மடக்கலாம். தேங்காயெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும். குளியலறை அலமாரி கத்திக்கு ஏற்ற இடமே இல்லை.

பழைய கத்தியைக் கையில் எடுத்தால்

தாத்தாவின் பெட்டியிலிருந்தோ, காரைக்குடி முனீசுவரன் கோவில் தெரு போன்ற பழம்பொருள் கடைத்தெருவிலிருந்தோ ஒரு கத்தி கண்ணில் படலாம். நல்ல பழைய கத்தி புதியதைவிடத் தரம் குறைந்ததில்லை. சில சமயம் கூடுதல். ஆனால் கடைக்காரர் தொன்மையைக் காட்டுவார், வாங்குபவர் விளிம்பைப் பார்க்க வேண்டும்.

காலத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய தடயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்றது. ஆகவே 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று நாட்டுப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. ஊர் பெயர் மட்டும் இருந்தால் முந்தையதாக இருக்கலாம். அமெரிக்காவுக்கு அனுப்பாத சரக்குக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சோதனை இப்படிப் போக வேண்டும். கத்தியைத் திறந்து, விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். விளிம்பில் பல் விழுந்திருந்தால், அந்தப் பல்லின் ஆழம் வரைக்கும் மொத்த விளிம்பும் தேய்ந்தாக வேண்டும். விளிம்பையொட்டிய கறுத்த குழிகள் அதைவிட ஆபத்தானவை: மேலே புள்ளியாகத் தெரியும் துரு உள்ளே இறங்கியிருக்கும், தீட்டத் தீட்டப் புதுப் பல் விழுந்துகொண்டே இருக்கும். முதுகில், வாலில், நடு வயிற்றில் உள்ள கறை பார்வைக்குத்தான் கெடுதல். பிறகு அலகைக் கண்ணாடித் துண்டின்மேல் கிடத்த வேண்டும். முதுகும் விளிம்பும் முழு நீளத்துக்கும் படிந்தால் நேரானது. ஆடினால் முறுக்கு இருக்கிறது. விளிம்பு நடுவில் உள்வாங்கி முகம் சுளித்ததுபோல் வளைந்திருந்தால் வேண்டாம், சவரத்தின்போது இரு ஓரமும் குத்தும். நடுவில் புடைத்துச் சிரித்தபடி இருந்தால் பரவாயில்லை. பல பழைய கத்திகள் அப்படித்தான் செய்யப்பட்டன. முதுகில் பட்டையாகத் தேய்ந்த தடம் அகலமாக இருந்தால், யாரோ அதைப் பல ஆண்டுகள் தப்பும் தவறுமாகத் தேய்த்திருக்கிறார்கள். முதுகு மெலிந்தால் கோணமும் மாறிவிட்டது என்று பொருள்.

முழுக்கக் குழித்த அலகில் மயிரிழை விரிசல் இருக்கலாம். நகத்தால் மெல்லச் சுண்டினால் நல்ல அலகு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது கட்டையாக ஒலிக்கும். விரிசல் விட்ட கத்திக்கு எந்த மருந்தும் கிடையாது.

பிடியிலும் இரண்டு பொறிகள் உண்டு. பழைய செல்லுலாய்டு பிடி சிதையத் தொடங்கினால் அரிக்கும் வாயுவை வெளிவிடும். மடித்து வைத்த அலகை அது உள்ளேயே தின்னும். அலகின் மற்ற இடம் பளிச்சென்றிருக்க, பிடிக்குள் மறையும் பகுதி மட்டும் துருவேறியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். அத்தகைய பிடியை மற்றக் கத்திகளின் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. இரண்டாவது யானைத் தந்தம். 19-ஆம் நூற்றாண்டு ஷெஃபீல்டு கத்திகளில் தந்தப் பிடி சாதாரணம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தந்த வியாபாரம் குற்றம். இறக்குமதித் தந்தமும் தடைக்குள் வருகிறது. நூறு ஆண்டுப் பழைய பொருள் என்ற சமாதானத்தை நம்பி விலை பேச வேண்டாம். எருமைக்கொம்புப் பிடியும் அதே காலத்தில் பரவலாக இருந்தது, அழகிலும் குறைவில்லை. அந்தக் காலத்தில் வாரத்தின் கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகள் அடங்கிய பெட்டியும் விற்றார்கள். பிரிந்துபோன பெட்டியிலிருந்து 'செவ்வாய்' மட்டும் தனியாக எங்காவது கிடந்தால், மலிவாகக் கேட்கலாம்.

வாங்கிய பழைய கத்தியை முதலில் சோப்பு நீரில் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கொம்புப் பிடியோடு கொதிநீரில் போட்டால் பிடி முறுக்கிக்கொள்ளும்.

தோல்வாரும் கல்லும்

புதுக் கத்தி தொழிற்சாலையிலிருந்து கூராகத்தான் வரும் என்று நினைப்பது இயல்பு. அந்தக் கூர் எல்லாக் கத்தியிலும் முகத்துக்குப் போதுமானதாக இருப்பதில்லை. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'ஷேவ் ரெடியாகக் கையால் தீட்டி அனுப்புவீர்களா?' என்பதுதான். கத்தியைத் தானே கல்லில் தீட்டி, சோதித்து அனுப்பும் விற்பனையாளருக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுப்பது இந்த மொத்தச் செலவிலேயே மிகப் பயனுள்ள செலவு. காரணம் எளிது. மழுங்கிய கத்தியோடு தொடங்குகிறவருக்குத் தப்பு கையிலா, கத்தியிலா என்றே தெரியாது. முதல் கத்தியை வாங்கிய அன்றே தானே கல்லில் தேய்க்க ஆரம்பிப்பவருக்கும் அதே குழப்பம்தான்.

வந்த கத்தியை முழங்கை முடியின்மேல், தோலைத் தொடாமல் சற்று மேலே ஓட்டிப் பார்க்கலாம். முடி அறுந்து விழுந்தால் தொடங்கலாம். விளிம்பின் அடியில், நடுவில், நுனியில் என்று மூன்று இடத்திலும் அறுக்க வேண்டும். மூடும்போது அலகு பிடியின் இரு பக்கத்துக்கும் நடுவே இறங்குகிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆணி தளர்ந்து அலகு தானாக ஆடினால் திருப்பி அனுப்பலாம். தோல்வாரில் முதல்முறை தீட்டுவதற்கு முன்பே இவற்றை முடித்துவிட வேண்டும். ஒருமுறை வாரில் இழுத்தபின் பல கடைகள் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

வார் என்பது ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தேவைப்படும் கருவி. ஒரு பக்கம் கித்தான் துணி, மறுபக்கம் தோல். முதலில் துணியில், பிறகு தோலில். முதுகு முன்னே செல்ல, விளிம்பு பின்தொடர இழுத்து, கோடியில் அலகை முதுகின்மேல் புரட்டித் திரும்ப வேண்டும். விளிம்பின்மேல் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், கூரும் போகும். புதியவர் எல்லோருமே முதல் வாரில் ஒரு கீறலாவது போடுவார்கள். எனவே கத்தியை நல்லதாகவும் முதல் வாரை மலிவாகவும் வாங்குவது விவேகம். இரண்டரை அல்லது மூன்று அங்குல அகலம் போதும். கொக்கி மாட்ட இடமில்லாத வீட்டில் பலகையில் ஒட்டிய தோல் நல்ல மாற்று. வாரைத் தொய்யவிட்டு இழுத்தால் விளிம்பு உருண்டுவிடும். சினிமாவில் காட்டும் வேகம் தேவையே இல்லை.

முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படிப்பட்ட முடியை அறுத்து எஃகு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-இல் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விடை சொன்னார்கள். பிளேடு சாய்வாக வரும்போது வளையக்கூடிய முடி, எஃகின் நுண்ணமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் விளிம்பைத் தாக்கினால், அங்கே மிகச் சிறிய பல் விழுகிறது. எஃகு எவ்வளவு சீரானதோ அவ்வளவு நாள் கூர் நிற்கும். ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கியதற்கும் இன்று பெயர் தெரியாத இரும்புக் கத்தியை ஒதுக்கச் சொல்வதற்கும் அடிப்படை இதுதான். முடியை வெந்நீரிலும் நுரையிலும் நன்றாக ஊறவிட்டால் கத்தியின் பாடு இன்னும் குறையும்.

கல் வாங்க அவசரமில்லை. வாரில் ஒழுங்காகத் தீட்டிவந்தால் ஒருவர் முகத்துக்கு ஒரு கூர் சில மாதங்கள் தாங்கும். பிறகு முடியை அறுப்பதற்குப் பதில் இழுக்கத் தொடங்கும். குரோமியம் ஆக்சைடு பசை தடவிய தனிப் பலகையில் சில இழுப்புகள் இழுத்தால் அந்தக் கூரை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். அந்தப் பசையை அன்றாட வாரில் தடவக் கூடாது. அதற்குப் பிறகு இரண்டு வழிகள்: தீட்டித் தருபவருக்கு அனுப்பலாம், அல்லது கல் வாங்கிக் கற்கலாம். 1000 எண் கல் விளிம்பின் சரிவை உருவாக்கும், 4000-மும் 8000-மும் கூர்ப்படுத்தும், 12000 மெருகேற்றும். சேதமில்லாத கத்திக்கு 8000, 12000 இரண்டும் இருந்தாலே வெகுநாள் ஓடும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் கொட்டிக்கூல் கல்லில் நுண்ணிய கார்னெட் மணிகள் இருக்கின்றன. ஒரே கல்லில் முழு வேலையும் முடிப்பவர்கள் உண்டு. அது கை தேர்ந்தபின் வாங்க வேண்டிய கல். தெருவில் சைக்கிள் சாணையோடு வருபவரிடம் சவரக்கத்தியை நீட்டுவது மட்டும் கூடவே கூடாது. அந்தச் சக்கரம் அருவாளுக்கும் கத்திரிக்கோலுக்கும் ஏற்றது. காகிதக் கன விளிம்பைச் சூடாக்கி எஃகின் பதத்தையே கெடுத்துவிடும்.

முதல் சில வாரங்கள்

முதல் நாளே முழு முகத்தையும் முடிக்க வேண்டியதில்லை. வலக்கைக்காரர் வலது கன்னத்தில் காதோரம் தொடங்கி, தோலை மற்றக் கையால் இழுத்துப் பிடித்து, முப்பது பாகைச் சாய்வில், முடி வளரும் திசையிலேயே கீழிறங்கலாம். மீதியை வழக்கமான ரேஸரால் முடித்துக்கொள்ளலாம். இடது கன்னம், பிறகு கழுத்து, கடைசியாக மேலுதடும் தாடையும். கத்தியைப் பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தக் கூடாது. வெட்டுக்காயங்களில் பெரும்பகுதி அந்த ஓர் அசைவில் வருகிறது. படிகாரக் கட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கத்தி தீட்டப் போயிருக்கும் வாரங்களில் என்ன செய்வது என்பது சீக்கிரமே வரப்போகும் கேள்வி. அப்போதுதான் பலரும் இரண்டாவது கத்தியைத் தேடுகிறார்கள். அதைப் பழைய சந்தையில் மலிவாக வாங்கி, கல்லில் கை பழகுவதை அதில் வைத்துக்கொள்ளலாம். முதல் கத்தி தீட்டத் தெரிந்தவர் கையிலேயே தொடரட்டும். ஊருக்குப் போகும்போது எந்தக் கத்தியானாலும் விமானக் கைப்பையில் வைத்தால் சோதனைச் சாவடியில் பறிபோகும், பெரிய பெட்டியில் உறையிட்டு அனுப்ப வேண்டும்.